மாக் டிராஃப்ட்: பேரு பொருந்தினா போதுமா?

சூப்பர் பவுல் முடிஞ்ச மறுநாள் காலையில அமெரிக்காவில் கிளி ஜோசியம் ஆரம்பமாகிவிடும். கிளிக்குப் பதிலா எக்செல் ஷீட், அவ்வளவுதான் வித்தியாசம். "முதல் இடத்துல இவனைத்தான் எடுப்பாங்க, ரெண்டாவது இடத்துல இவன்" என்று 32 பேர் கொண்ட பட்டியலை ஆளாளுக்குப் போடுவார்கள். இதுக்குப் பேர்தான் மாக் டிராஃப்ட். ஏப்ரல் கடைசியில் நிஜ டிராஃப்ட் முடிந்ததும் அடுத்த கூத்து. "நான் ஒன்பது சொன்னேன், நீ ஆறுதான்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது. எங்க டீம்லயும் இது உண்டு. ஆபீஸ் ஆணிக்குப் போடாத ஸ்பிரெட்ஷீட்டெல்லாம் இதுக்குப் போடுவானுங்க :)

இந்தப் பதிவு அந்த எண்ணிக்கையைப் பத்தித்தான். எத்தனை பேர் பொருந்தியது என்று எண்ணி ஒரு மாக் டிராஃப்டை எடை போடுறது, பரீட்சைப் பேப்பரில் கடைசி வரி விடையை மட்டும் பார்த்து மார்க் போடுற வாத்தியார் வேலை. ஸ்டெப்ஸ் எங்கே? ஸ்டெப்ஸுக்குத்தானே மார்க்கு?

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ஒரு பாரா (தெரிஞ்சவங்க தாண்டிப் போகலாம்)

நம்ம இன்ஜினியரிங் கவுன்சிலிங்கை நினைச்சுக்கோங்க. அதை அப்படியே தலைகீழாத் திருப்புங்க. அங்கே நல்ல மார்க் வாங்கின பையன் முதல்ல போய் காலேஜை எடுப்பான். இங்கே காலேஜ்தான் பையனை எடுக்கும். அதிலும் போன வருஷம் ரிசல்ட் படுமோசமா வந்த காலேஜுக்குத்தான் முதல் உரிமை. "எனக்கு அந்த ஊரு வேணாம் சார்" என்று பையன் சொல்ல கிட்டத்தட்ட வழியே இல்லை. என்.எஃப்.எல்-லில் 32 அணிகள், 7 சுற்றுகள், வருஷத்துக்கு 250-க்குக் கொஞ்சம் மேலே வீரர்கள். அணிகள் தங்களோட இடத்தை இன்னொரு அணிக்குக் கொடுத்து வேறு இடங்களை வாங்கிக்கொள்ளலாம். 1936-இலிருந்து இது நடக்கிறது. அந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் ஒரு என்.எஃப்.எல் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக, போணியே சொதப்பல்தான்.

மூணு கேள்வி, ஒரே மார்க்கு

ஒரு மாக் டிராஃப்டில் "8-வது இடம், அட்லாண்டா, இன்னார்" என்று ஒரு வரி இருந்தால் அது எந்தக் கேள்விக்கான பதில்?

1. அட்லாண்டா யாரை எடுக்கும்? (இது ஆரூடம்)
2. அட்லாண்டா யாரை எடுக்கணும்? (இது ஆலோசனை)
3. எடுத்த ஆள் தேறுவானா? (இதுக்குக் குறைஞ்சது மூணு வருஷம் காத்திருக்கணும்)

முக்கால்வாசி மாக்குகள் இந்த மூணையும் ஒரே குழம்பில் போட்டுக் கிண்டுகின்றன. ஆரூடம் தப்பினால் "நான் சொன்னது ஆலோசனைப்பா" என்பார்கள். ஆலோசனை தப்பினால் "காலம் பதில் சொல்லும்" என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. மதிப்பிடும் நாமும் எந்தக் கேள்விக்கு மார்க் போடுறோம்னு தெரியாமலே போட்டுக்கிட்டு இருக்கோம். நிஜ உதாரணங்களோட பார்க்கலாம்.

2025: அஞ்சுக்கு அஞ்சா, அஞ்சுக்கு மூணா?

2025 டிராஃப்டுக்கு முன்னாடி ஏகப்பட்ட மாக்குகளில் முதல் ஐந்து இடம் இப்படித்தான் இருந்தது: டென்னசி - கேம் வார்டு, கிளீவ்லாந்து - டிராவிஸ் ஹன்டர், நியூயார்க் ஜயன்ட்ஸ் - அப்துல் கார்ட்டர், நியூ இங்கிலாந்து - வில் கேம்ப்பெல், ஜாக்சன்வில் - மேசன் கிரஹாம்.

நடந்தது என்ன? வார்டு, ஹன்டர், கார்ட்டர், கேம்ப்பெல், கிரஹாம். அதே ஐந்து பேர், அதே வரிசை. ஆனா டிராஃப்ட் அன்னைக்கு ஜாக்சன்வில் 5-லிருந்து 2-க்கு ஏறி ஹன்டரை எடுத்தது, 5-க்கு இறங்கிய கிளீவ்லாந்து கிரஹாமை எடுத்தது. அணிக்கு அணி பார்க்கிற ஆள் "அஞ்சுல மூணுதான்" என்பார். இடத்துக்கு இடம் பார்க்கிற ஆள் "நூத்துக்கு நூறு" என்பார். ஒரே விடைத்தாள், ரெண்டு மார்க்கு!

என் கேள்வி வேறே. அந்த மாக்குகள் 2-வது இடத்தில் ஹன்டரை ஏன் எழுதின? "வார்டு போன பிறகு, மிச்சமிருப்பவர்களில் பந்தைப் பிடிக்கவும் தடுக்கவும் இரண்டு பக்கமும் ஆடக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான், இவரை இதற்குக் கீழே விடமாட்டார்கள்" என்று எழுதியிருந்தால் காரணம் முழுசா பலித்தது. அணி மாறினாலும் முழு மார்க். "கிளீவ்லாந்துக்கு ஹன்டர் ரொம்பத் தேவை, விடவே மாட்டாங்க" என்று எழுதியிருந்தால் ஹன்டர் 2-வதாகப் போனது வெறும் அதிர்ஷ்டம். அந்த அணிதான் அவரை விட்டுக்கொடுத்து விலை வாங்கிக்கொண்டதே! பேரு ரெண்டு பேர் பட்டியலிலும் ஒண்ணுதான். காரணத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

2024 அட்லாண்டா: பேரு தப்பு, காரணம் சரி

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இதுதான். 2024 மார்ச்சில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் கர்க் கசின்ஸ் என்ற அனுபவமுள்ள குவார்ட்டர்பேக்கை 4 வருஷம், 18 கோடி டாலர் வரை என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தார்கள். குவார்ட்டர்பேக் பிரச்சினை முடிந்தது. அந்த அணிக்கு வருஷக்கணக்கா இருந்த வியாதி, எதிரணி குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்க ஆள் இல்லாதது. அதனால் மாக் போட்டவர்களில் பெரும்பாலோர் 8-வது இடத்தில் டாலஸ் டர்னர் மாதிரி ஒரு எட்ஜ் ரஷ்ஷரை எழுதினார்கள்.

அன்னைக்கு ராத்திரி இன்னொரு விநோதமும் நடந்தது. முதல் 14 பிக்கும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். 8-வது இடம் வந்தபோது ஒரு தடுப்பாட்டக்காரர்கூட போகவில்லை. கடைக்கு முதல் ஆளாகப் போன மாதிரி மொத்தச் சரக்கும் அட்லாண்டா முன்னாடி இருந்தது. அவர்கள் எடுத்தது மைக்கேல் பெனிக்ஸ். இன்னொரு குவார்ட்டர்பேக். அவ்வ்வ்வ்!

எண்ணிக்கை வாத்தியார் கணக்குப்படி டர்னர் என்று எழுதின எல்லாரும் ஃபெயில். சரி, ஒரு வருஷம் கழித்து என்ன ஆச்சுன்னு பாருங்க. 2025 டிராஃப்டில் அதே அட்லாண்டா 15-வது இடத்தில் ஜேலன் வாக்கரை எடுத்தது. அது போதாதென்று 2026 முதல் சுற்று பிக்கையும் அடகு வைத்து, மறுபடி முதல் சுற்றுக்குள் ஏறி, 26-வது இடத்தில் ஜேம்ஸ் பியர்ஸை எடுத்தது. ரெண்டு பேரும் எட்ஜில் ஆடத்தான். 2024-இல் மாக் போட்டவர்கள் எழுதின வியாதி நிஜம். அணி அந்த வருஷம் மருந்து வாங்கலை, அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினது. அப்ப ஃபெயில் ஆனது யாரு?

பெனிக்ஸை எடுத்தது தப்பு என்று நான் சொல்லலை. 2024 டிசம்பரில் கசின்ஸை உட்காரவைத்து கடைசி மூன்று ஆட்டங்களை அவரைத்தான் ஆடவைத்தார்கள், அணிக்கு அதற்கான காரணம் இருந்தது. அது மூணாவது கேள்வி. அதுக்கான பதிலை முதல் கேள்வியின் விடைத்தாளில் எழுதக்கூடாது என்பதுதான் என் கட்சி.

2017 சிகாகோ: ஊரோட ஒத்துப்போனாலும் தப்பலாம்

இது தலைகீழ் கேஸ். 2017-இல் குவார்ட்டர்பேக்குகளில் முதலில் போவது மிட்செல் ட்ருபிஸ்கி என்றுதான் பெரும்பாலான மாக்குகள் சொல்லின. பலித்தது. 3-வது இடத்தில் இருந்த சிகாகோ பேர்ஸ், ஒரே ஒரு இடம் முன்னேற இரண்டு மூன்றாம் சுற்று பிக்கையும் ஒரு நான்காம் சுற்று பிக்கையும் கூடுதலாகக் கொடுத்து அவரை எடுத்தது. அதே டிராஃப்டில் 10-வது இடத்தில் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். அதற்குப் பிறகு கான்சஸ் சிட்டியோடு மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தவர். ட்ருபிஸ்கி நான்கு சீசனோடு சிகாகோவை விட்டுப் போனார்.

ஆரூடம் சரி, ஆள் தேறலை. ஒரு மாக் அணிகளின் மனசை சரியா படிச்சிருக்குன்னா அது அணிகளின் தப்பையும் சேர்த்துத்தான் படிச்சிருக்கும்.

அணிகள் எவ்வளவு தூரம் தப்பும்? கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் (2017 பொருளாதார நோபல் வாங்கினாரே, அவரேதான்) இதை ஆராய்ந்து 2013-இல் மேனேஜ்மென்ட் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு பேரில், முன்னாடி எடுக்கப்பட்டவர் மற்றவரைவிட நல்லா வந்தது சுமார் 52 சதவீதம் தடவைதான். பூவா தலையா போட்டாலே 50! கோடிக்கணக்கில் செலவு பண்ணி, ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஓடவிட்டு, தாண்டவிட்டு, டாக்டரை வைத்துப் பார்த்தும் கிடைத்த கூடுதல் லாபம் ரெண்டு சதவீதம். இதில் வீட்டில் உட்கார்ந்து குன்ஸா எழுதுற நாம் ஒரே ஒரு பேரை அடிச்சுச் சொல்றது என்ன தைரியம்?

மறுநாள் காலை போடுற "ஏ பிளஸ், சி மைனஸ்" கதையும் இதே ரகம். 2012-இல் சியாட்டில் எடுத்த ஆட்களைப் பார்த்து மறுநாள் பல பட்டியல்கள் கேலி பண்ணி மட்டமான கிரேடு கொடுத்தன. அந்த டிராஃப்டில் வந்தவர்கள்தான் பாபி வாக்னரும் (47-வது) ரஸ்ஸல் வில்சனும் (75-வது). 2013 சீசனில் சியாட்டில் சூப்பர் பவுல் ஜெயித்தது. டாம் பிரேடி 199, பிராக் பர்டி கடைசி ஆளாக 262 என்பதெல்லாம் ஊரறிந்த கதை, அதை நான் வேற ஜல்லி அடிக்கலை.

அப்ப எப்படித்தான் மார்க் போடுறது?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காது. நான் ஒரு மாக்கைப் படிக்கும்போது பார்க்கிறது இதைத்தான்:

1. தேதி. சூப்பர் பவுலுக்கு மறுநாள் போட்ட பட்டியலையும் டிராஃப்ட் அன்னைக்குக் காலையில் போட்டதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. நடுவுல பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் பரிசோதனை முகாம், மார்ச்சில் அணிகள் காசு கொடுத்து அனுபவஸ்தர்களை எடுக்கும் சந்தை, ஏப்ரலில் அணிகள் இளைஞர்களை வரவழைத்துப் பேசுவது என்று எல்லாம் இருக்கு. கடைசி நாள் காலையில் ஊரே ஒரே பட்டியலை வைத்திருக்கும். அதில் நல்ல மார்க் வாங்குறது காப்பி அடிக்கத் தெரியும் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நம்ம கோடுக்கு வெர்ஷன் ஹிஸ்டரி வைக்கிற மாதிரி, பட்டியல் எப்ப மாறினது, ஏன் மாறினது என்பதையும் வைக்கச் சொல்லுங்க.

2. சோதிக்கக்கூடிய காரணம். "நல்ல திறமைசாலி, அணிக்குப் பொருத்தம்" என்பது காரணமே இல்லை. அதை 32 இடத்துக்கும் எழுதலாம். "இந்த அணியின் இடது டேக்கிளுக்கு வயசாகிவிட்டது, ஒப்பந்தம் ஒரு வருஷத்தில் முடிகிறது" என்றால் அது சோதிக்கலாம்.

3. ஒரு எண்ணுக்குப் பதில் ஒரு எல்லை. "12-வது" என்று சொல்வதைவிட "8-லிருந்து 20-க்குள், 20 தாண்டினால் ஆச்சரியம்" என்பது நேர்மையானது. 12 என்று சொல்லி 13-இல் போனவரும், 12 என்று சொல்லி 60-இல் போனவரும் ஒரே 'தப்பு' ஆக முடியாது.

4. டிரேடு போட்டால் விலையும் போடு. சும்மா "இவங்க மேலே ஏறுவாங்க" என்று எழுதினால் போதாது. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் கோச் ஜிம்மி ஜான்சன் காலத்தில் ஒரு விலைப்பட்டியல் போட்டார்கள். முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, ஐந்தாவது 1700, 32-வது 590 என்று. ஜாக்சன்வில் கணக்கையே பாருங்க. 5-லிருந்து 2-க்குப் போக 900 புள்ளி வேணும். 36-வது பிக் 540. அதோடு 2026 முதல் சுற்று பிக். அடுத்த வருஷப் பிக்கை ஒரு சுற்று குறைத்து எடைபோடுவது வழக்கம், அப்படிப் பார்த்தால் இரண்டாம் சுற்று நடுவில் 420. இரண்டும் சேர்ந்து 960. இரண்டு பக்கமும் கைமாறின சில்லறைப் பிக்குகளைக் கூட்டிக் கழித்தால் 900-க்குப் பக்கத்திலேயே வருது. முப்பது வருஷத்துக்கு மேலான பட்டியல் இன்னும் குத்துமதிப்பா வேலை செய்யுது! கால்குலேட்டர் இருக்கிற யாரும் இதைப் போடலாம்.

5. எது ஆரூடம், எது ஆலோசனை? ரெண்டு காலம் போட்டு ரெண்டு பேர் எழுதினால் குடியா முழுகிப்போகும்?

இதெல்லாம் வெறும் டைம்பாஸ்தானே பாஸ்?

"வேலைவெட்டி இல்லாம கணிப்பு போடுறாங்க, அதுக்கு இவ்ளோ பெரிய பதிவா?" என்று யாராவது கேட்பீங்க. தெரியும். நான் சீரியஸா எடுத்துக்கிறதுக்குக் காரணம் ஒரே ஒரு சொல். 'சரிவு'.

2005-இல் ஆரன் ராட்ஜர்ஸ் முதல் ஆளாகவே போகலாம் என்ற பேச்சு. 24-வது இடம் வரை நியூயார்க்கில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார், கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. 2023-இல் வில் லெவிஸ் விஷயத்தில், பேர் தெரியாத ஒருத்தர் இணையத்தில் போட்ட வதந்தியால் பந்தயக் கணக்குகளே ஆடிப்போய், இவர் முதல் இடத்துக்கே போவார் என்று காசு குவிந்தது. முதல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தும் பேர் வரவில்லை. மறுநாள் 33-வதாகப் போனார். 2025-இல் ஷெடோர் சாண்டர்ஸ். மாக்குக்கு மாக் முதல் சுற்று. நிஜத்தில் ஐந்தாம் சுற்று, 144-வது இடம். இதே கிளீவ்லாந்துதான் எடுத்தது, அதுவும் 94-வது இடத்தில் வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்த பிறகு. காத்திருந்த நேரத்தில் "நியூ ஆர்லியன்ஸ் அணியிலிருந்து பேசுறோம்" என்று ஒரு போலி போன் வேறு வந்தது. 23 வயசுப் பையன்.

மூன்று பேரையும் 'சரிந்தார், சரிந்தார்' என்றுதான் டிவியில் சொன்னார்கள். எங்கேயிருந்து சரிந்தார்? 144-வது ஆளாக எடுத்த அணிகள் யாரும் அவரை முன்னாடி 10-வது இடத்தில் தூக்கி வைத்துவிட்டு அப்புறம் இறக்கலையே! அவர்கள் பட்டியல் நமக்குத் தெரியாது. அவர் நின்றிருந்த மாடியைக் கட்டியதே மாக் போட்டவர்கள்தான். கட்டினவன் கணக்கு தப்பு, விழுந்தவன் பேரில் அவமானம்.

சம்பள வித்தியாசம் சின்னது இல்லைதான். 2025-இல் முதல் ஆளான வார்டுக்கு 4 வருஷத்துக்கு சுமார் 4.9 கோடி டாலர், சாண்டர்ஸுக்கு சுமார் 46 லட்சம். அதை மாக் போட்டவர்கள் பறிக்கவில்லை, அணிகள் போட்ட எடை அது. ஆனால் அந்த எடையை மூணு நாள் நேரலை அவமானமாக மாற்றியது, எல்லை சொல்லாமல் ஒரே எண்ணை அடிச்சுச் சொன்ன பட்டியல்கள். "முதல் சுற்றிலும் போகலாம், மூன்றாம் நாள் வரைக்கும்கூட இறங்கலாம், அணிகள் என்ன நினைக்கிறார்கள் என்று வெளியே தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் 144 ஒரு செய்தி. அவ்வளவுதான். நவம்பர் 2025-இல் அதே பையன் கிளீவ்லாந்துக்காக முதல் வரிசையில் இறங்கி ஆட்டத்தைத் தொடங்கினார். அதற்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

அதனால அடுத்த தடவை யாராவது "நான் 11 பேர் கரெக்டா சொன்னேன்" என்று வந்தால், கைதட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பதினொண்ணில் ஏதாவது ஒண்ணைத் தொட்டு "ஏன்?" என்று மட்டும் கேளுங்க. பதில் வந்தா ஆளு தேறுவார். "எனக்கு அப்படித் தோணுச்சு" என்றால் கிளியைக் கூண்டில் விட்டு நெல்லு போடச் சொல்லுங்க :)

டிஸ்கி 1: இது எந்த அணிக்கும் ஆதரவான பதிவு இல்லை. உள்குத்து தேடாதீங்க.

டிஸ்கி 2: கவுன்சிலிங் உதாரணத்தைப் படிச்சுட்டு யாரும் பழைய கட்-ஆஃப் மார்க்கை பின்னூட்டத்தில் போட்டுப் புலம்ப வேண்டாம். அதுக்குத் தனிப் பதிவு வருது.